நாற்பது நிமிடக் கோடு

"உங்க அளவு தப்பு" என்று இயக்குநர் சொன்னபோது அவர் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது.

முப்பத்தொரு வருஷ வேலையில் அவளிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. திட்டியிருக்கிறார்கள். பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது அவள் பெயரைச் சௌகரியமாக மறந்திருக்கிறார்கள். ஆனால் அளவு தப்பு என்று மட்டும் எவனும் வாய் திறந்ததில்லை. அந்த வானாய்வு நிலையத்தில் அவளுக்குப் பெயரே 'மில்லிமீட்டர்'. கண்ணாடித் தகட்டில் பதிந்த நட்சத்திரப் படத்தை அளவு மெஷினில் ஏற்றி, இந்தப் புள்ளி இங்கே, அந்தப் புள்ளி அங்கே என்று தலைமுடியில் நூறில் ஒரு பங்கு துல்லியத்தோடு சொல்வது அவள் வேலை. கேமராக்கள் வந்து தகடுகள் ஒழிந்த பிறகும், பழைய தகடுகளை அளக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

"எந்த அளவு சார்?" என்றாள்.

"நம்ம சிறுகோள் அளவு."

நம்ம. அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் காது மடல் சூடானது.

இயக்குநர் ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். சிறுகோள்களின் கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் பதிவு மையத்தின் கடிதம். உலகத்தில் எவர் எதைப் பார்த்தாலும் அங்கேதான் எழுதிப் போட வேண்டும். அவர்கள்தான் பாதையைக் கணக்கிட்டு, எண் கொடுத்து, முதலில் பார்த்தவர் யார் என்று தீர்ப்பு சொல்வார்கள். முதலில் பார்த்தவருக்கு ஒரே ஒரு பரிசு உண்டு. பெயர் வைக்கும் உரிமை.

"போன மாசம் என்ன சொன்னாங்க? முதல்ல பார்த்தது இந்த நிலையம்தான்னு சொன்னாங்க. இப்போ கடைசியா சரிபார்த்தா, நாம அனுப்பின நாலு இடமும் பாதையில ஒட்ட மாட்டேங்குதாம். நாலும் ஒரே திசையில, ஒரே அளவு தள்ளி நிக்குதாம். நேரம் போட்டது நான். இடம் அளந்தது நீங்க. அப்போ தப்பு யாருது?"

"அதை இன்னும் பார்க்கலையே சார்."

"வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள திருத்தம் போகணும். போகலைன்னா நம்ம நாலையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. கடல் தாண்டி ஒரு தானியங்கி கேமரா நமக்குப் பதிமூணு வருஷம் கழிச்சு இதே கல்லைப் பார்த்திருக்கு. பெருமையெல்லாம் அந்த மெஷினுக்குப் போயிடும். வெள்ளிக்கிழமை எனக்கு வழியனுப்பு விழா. அன்னிக்குப் பேரை அறிவிக்கணும்." அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்துப் பெருமையாகச் சாய்த்து வைத்தார். சிறுகோளின் எண். அதற்குக் கீழே, மூன்று மாதத்துக்கு முன் பிறந்த அவருடைய பேரனின் பெயர்.

பொறித்தே வைத்துவிட்டார் மனிதர்.

"மறுபடி அளந்து, சரியா வர்ற மாதிரி எழுதிக் கொடுங்க" என்றார்.

"சரியா வர்ற மாதிரி அளக்க எனக்குத் தெரியாது சார். இருக்கிறதைத்தான் அளக்கத் தெரியும்."

"முப்பது வருஷமா இதே பேச்சு" என்று அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். "கதவைச் சாத்திட்டுப் போங்க."

சாத்தினாள். கொஞ்சம் பலமாகவே.

வெளி அறையில் ஃபைல் அண்ணன் தலை நிமிராமல் கேட்டார்: "கதவா, அவரா, எது உடைஞ்சுது?" நிலையத்தின் எழுத்தர் அவர். அலமாரிக்குள் குடித்தனம் நடத்துகிற ஆள். எந்த வருஷத்துக் காகிதம் கேட்டாலும் தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

"இன்னும் ரெண்டும் உடையல அண்ணே. அந்த நாலு தகடு எடுத்த வருஷத்து டோம் நோட்டு வேணும். அப்புறம் அவர் மையத்துக்கு அனுப்பின அறிக்கையோட நகல்."

"அறிக்கையா? அது இயக்குநர் அலமாரி. போன மாசம் வரைக்கும் பூட்டு. விழா மலருக்காகத் திறந்தார், திரும்பப் பூட்ட மறந்துட்டார்." ஃபைல் அண்ணன் இழுப்பறையைத் திறந்தார். "நான் நகல் எடுக்க மறக்கல."

தகட்டு அறை நிலையத்தின் பின்கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்பு அடுக்குகளில் பழுப்புக் காகித உறைக்குள் எட்டாயிரம் கண்ணாடித் தகடுகள் நிமிர்ந்து நின்றன. நடுவில் கருங்கல் மேஜை. அதன்மேல் அளவு மெஷின்.

உட்கார்ந்து முதலில் அறிக்கையைப் படித்தாள். படித்தாள் என்பது சும்மா. இரண்டே வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

பார்த்தவர்: இயக்குநரின் பெயர்.

அளந்தவர்: அவள் பெயர்.

போன மாதமே வாய்மொழியாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் மைக்கறுப்பில் பார்க்கும்போது வேறு மாதிரி எரிந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். இயக்குநர் அப்போது இயக்குநர் இல்லை, மூத்த பார்வையாளர். மகளுக்கு முதல் பிறந்தநாள் என்று மூன்று நாள் காணாமல் போனார். லீவு எழுதவில்லை. உதவியாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். 'டோம் சும்மா இருக்கக் கூடாது, நீங்க பார்த்துக்கோங்க' என்று தொலைநோக்கி நிற்கும் குவிமாடத்தின் சாவியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். இரண்டு ராத்திரி. நான்கு தகடு. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் தொலைநோக்கியின் மூடியைத் திறந்து வைத்து, நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு நழுவாமல் பிடித்தவள் அவள். பகலில் தகடுகளைக் கழுவி, அளந்து, நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள். நட்சத்திரம் அசையாது, புள்ளியாக விழும். நாற்பது நிமிடத்தில் நகர்கிற சாமான் மட்டும்தான் கோடாக விழும்.

திரும்பி வந்தவரிடம் காட்டினாள். அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கீறல்" என்றார்.

"நாலு தகட்டுலயுமா சார்? அதுவும் நகர்ந்து நகர்ந்து?"

"கழுவத் தெரியல உங்களுக்கு. அளவைக் கொடுத்துட்டுப் போங்க. தேவைப்பட்டா பார்க்கிறேன்."

தேவைப்பட்டிருக்கிறது. கீறலை உறையில் போட்டு, பார்த்தவர் என்று தன் பெயரை எழுதி, மையத்துக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கல்லோ நாலு வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சூரியனைச் சுற்றுகிறது. ஏழு சுற்று முடித்து எட்டாவதில் இருக்கிறது. ஏழு சுற்றும் அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாதம் எண் கிடைத்து விஷயம் வெளியே வந்தபோது நேராகப் போய்க் கேட்டாள். அவர் அசரவில்லை. "நான் பார்த்தேன், நீங்க பக்கத்துல நின்னு எழுதினீங்க. டோம் நோட்டுல உங்க எழுத்து இருக்கு, பக்கத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கு. போய்ப் பாருங்க."

பார்த்தாள். இருந்தது. மாதக் கடைசியில் எல்லாப் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பொறுப்பாளர் கையெழுத்து. அதை வைத்து என்ன நிரூபிப்பது? ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் அவளுக்குத் தாடையே வலித்தது.

இப்போது அதே வாய் 'அளவு தப்பு' என்கிறது.

முதல் தகட்டை உறையிலிருந்து எடுத்தாள். மெஷினில் ஏற்றினாள். உருப்பெருக்கிக்குள் கோடு தெரிந்தது. கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எறும்பு எழுதிய ஒரு எழுத்து மாதிரி. கோட்டின் நடுவில் கம்பியை நிறுத்தி எண்ணைப் படித்தாள். திருகைப் பின்னால் தள்ளி மறுபடி படித்தாள். தகட்டைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி. நாலு தகடும் முடிக்க மத்தியானம் மூன்றரை ஆனது. பிறகுதான் பழைய தாளைப் பக்கத்தில் வைத்தாள்.

கடைசி இலக்கம் வரைக்கும் அதே எண்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய இருபத்தாறு வயதுக்காரி பிசகவே இல்லை.

"தப்பாம், தப்பு" என்று மெஷினிடம் சொன்னாள்.

அப்படியென்றால் ஏன் ஒட்டவில்லை? மையத்தின் கடிதத்தை எடுத்தாள். நாலு இடமும் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்று போட்டிருந்தார்கள். அதைத் தகட்டு அளவுக்கு மாற்றினாள். கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அவள் பென்சில் நின்றது.

இந்த எண்ணைக் கொஞ்ச நேரத்துக்கு முன்பு எங்கோ பார்த்தாளே. உருப்பெருக்கிக்குள் மறுபடி குனிந்தாள். கோட்டின் இந்த முனையில் கம்பியை வைத்தாள். அந்த முனைக்கு ஓட்டினாள். படித்தாள்.

அதே அளவு. பிழையின் நீளமும் கோட்டின் நீளமும் ஒன்று. ஒரு முழுக் கோடு. முழுசாக நாற்பது நிமிடம்.

டோம் நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் முதல் தகடு: 11.52. பக்கத்தில் '40 நி.' இயக்குநரின் அறிக்கையில் அதே தகடு: 12.12. மூடி திறந்திருந்த நேரத்துக்கு நடுப்புள்ளியைத்தான் மையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் 11.52-ஐத் திறந்த நேரம் என்று எடுத்துக்கொண்டு, பாதி நேரமான இருபதைக் கூட்டியிருக்கிறார்.

ஆனால் 11.52 திறந்த நேரம் இல்லை. மூடிய நேரம். இருபதைக் கழித்திருக்க வேண்டும்.

ஏன் மூடிய நேரத்தை எழுதினாள்? அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கோபத்தில் வருகிற சிரிப்பு. இரண்டு பேர் இருந்தால் ஒருத்தர் மூடியைத் திறந்து 'திறந்தாச்சு' என்று குரல் கொடுப்பார், மற்றவர் உடனே நேரத்தை எழுதுவார். நிலையத்தின் வழக்கம் அது. தனி ஆளாக இருந்தால் அது நடக்காது. திறந்த விநாடியிலேயே கண் குழாயில், இரண்டு கையும் தொலைநோக்கியை நகர்த்தும் பொத்தானில். பேனா பிடிக்க மூன்றாவது கை கிடையாது. நாற்பது நிமிட மணி அடித்ததும் மூடியை மூடி, சிவப்பு விளக்கைப் போட்ட பிறகுதான் நோட்டைத் தொட முடியும். தனியாக நிற்கிறவர்கள் எல்லாரும் மூடிய நேரத்தைத்தான் எழுதுவார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தனியாக நின்றால் தானாகத் தெரியும்.

இயக்குநருக்குத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு ராத்திரிகூட டோமில் தனியாக நின்றதில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் தையல் மெஷினில் ஒரு கால்சட்டை ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூடக் காலை எடுக்கவில்லை. முடித்ததும் நிறுத்தினார்.

"இரு இரு. எனக்குப் புரியுற மாதிரி சொல்றேன், சரியான்னு பாரு. அளவெடுத்தது நீ. சட்டை சரியா இருக்கு. அந்த ஆள் காலரைக் கீழ வச்சுத் தைச்சுட்டு, அளவு தப்புன்னு உன்னைச் சொல்றான்."

"அதேதாங்க."

"அப்போ வாயைத் திறக்காதே. வியாழக்கிழமை அஞ்சு மணி தாண்டட்டும். அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. பித்தளைத் தகட்டைப் பேரன் தொட்டிலுக்கு அடியில வச்சுக்கட்டும்."

"எனக்கும் கிடைக்காதுங்க. கடல் தாண்டி ஒரு கேமராவுக்குப் போயிடும்."

"திருத்தி அனுப்பினா?"

"பார்த்தவர்னு அவர் பேர்தான் இருக்கு. நேரத்தை மட்டும் திருத்தினா கல்லு அவருக்குப் போகும். பேரையும் சேர்த்துத் திருத்தணும். அதுக்கு நிலையத் தலைவர் கையெழுத்து வேணும்."

"தலைவர் யாரு?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கால்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ரெண்டு ராத்திரியும் நம்ம பொண்ணுக்குக் காய்ச்சல். ஈரத்துணி போட்டுட்டு நான் உக்காந்திருந்தேன். 'அம்மா எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. 'அம்மா நட்சத்திரம் பிடிக்கப் போயிருக்கா'ன்னு சொன்னேன். அவன் அங்கே கேக் வெட்டிக்கிட்டு இருந்திருக்கான்."

"ஆமாம்."

"விடாதே" என்றார். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை வேகம் கொஞ்சம் அதிகம். "அளவுக்காரிகிட்ட வந்து வாலாட்டினா எப்படி இருக்கும்னு தெரியட்டும்."

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் இயக்குநர் அறைக்குள் போனாள். கையில் ஒரு ஃபைல். பின்னாலேயே ஃபைல் அண்ணனும் வந்தார். கையெழுத்து வாங்கும் சாக்கில் ஒரு கட்டுக் காகிதத்தோடு.

"சரி பண்ணியாச்சா?" என்றார் இயக்குநர்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். அந்த ரெண்டு ராத்திரியும் நோட்டுல எழுதின நேரம், மூடி திறந்த நேரமா, மூடின நேரமா?"

"இதென்ன கேள்வி? திறந்த நேரம். நான் குரல் கொடுத்தேன், நீங்க எழுதினீங்க. விழா மலர்ல ஒன்பதாம் பக்கம் எழுதியே இருக்கேன்."

"படிச்சேன் சார்." ஃபைலிலிருந்து மலரை எடுத்தாள். "'கை நடுங்க மூடியைத் திறந்தேன். திறந்தாச்சு என்றேன். உதவியாளர் சட்டென்று நேரத்தைக் குறித்துக்கொண்டார்.' நல்லா எழுதியிருக்கீங்க. எத்தனை பிரதி அண்ணே?"

"ஐந்நூறு" என்றார் ஃபைல் அண்ணன். "முந்நூறு தபால்ல போயாச்சு. மையத்துக்கும் ஒண்ணு."

"அது திறந்த நேரமா இருந்தா, நாலு இடமும் எந்தக் காலத்துலயும் ஒட்டாது சார். மூடின நேரமா எடுத்துக்கிட்டா நாலும் கச்சிதமா உக்காருது. கணக்கு இதோ." தாளை அவர் முன் வைத்தாள்.

இயக்குநர் கணக்கில் கெட்டிக்காரர். அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் அவர் முகம் தெளிந்தது. "அட. இவ்வளவுதானா? அப்போ மூடின நேரம்னு எழுதி அனுப்புங்க. விஷயம் முடிஞ்சுது."

"எழுதலாம். மூடின நேரத்தை எழுதினது யாருன்னு கேப்பாங்களே."

"நான்தான். தனியா இருந்தேன், மூடினதும் எழுதினேன்னு போடுங்க."

அவள் டோம் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். விரலை 11.52-க்குக் கீழே வைத்தாள்.

"எழுத்து என்னோடது சார். தனியா நின்னவங்கதான் மூடின நேரத்தை எழுதுவாங்க."

இயக்குநரின் கண் 11.52-லிருந்து மலருக்குப் போனது. மலரிலிருந்து கணக்குக்கு. கணக்கிலிருந்து மறுபடி 11.52-க்கு. ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லாமே வெளியே பூட்டு.

"இவ்வளவு நாள் வாயைத் திறக்காம இருந்துட்டு, நான் போற நேரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"முதல் நாளே திறந்தேன். கீறல்னு சொன்னீங்க. போன மாசமும் திறந்தேன். நான் பார்த்தேன், நீங்க எழுதினீங்கன்னு சொன்னீங்க. திங்கக்கிழமை அளவே தப்புன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் மெஷின் திருகு மாதிரி ஒவ்வொரு பல்லாகத் திருகினாள். "முப்பத்தொரு வருஷம் அதே அறையில, அதே தகட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். தினம் என்னைத் தாண்டித்தான் உங்க அறைக்குப் போனீங்க. ஒரு நாள் சொல்லணும்னு தோணலையா?"

"கையெழுத்து போட மாட்டேன்" என்றார் இயக்குநர். "யாருக்கும் வேண்டாம். அந்த கேமராவுக்கே போகட்டும்."

இதுதான் அவள் பயந்த இடம். முகத்தில் காட்டவில்லை.

"போகட்டும் சார். நாளைக்கு மேடையில நீங்களே சொல்லிடுங்க. ஐந்நூறு மலர்ல எழுதின கல்லு நம்மளது இல்லைன்னு. நாங்க அனுப்பின நேரமே தப்புன்னு. நேரம் போட்டது யாருன்னு கேட்டா அதையும் சொல்லிடுங்க."

ஃபைல் அண்ணன் தொண்டையைச் செருமினார். "விருந்தாளிகள் நூத்தி அறுபது பேர் வர்றாங்க சார். பத்திரிகைக்காரங்க ரெண்டு பேர்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. இயக்குநர் பிஸ்கட் தட்டை ஒரு ஓரமாகத் தள்ளினார். குரல் சட்டென்று இறங்கியது. தேன் தடவிய குரல்.

"சரிம்மா. நமக்குள்ள என்ன? பார்த்தவர்னு உங்க பேரே போகட்டும். எப்படி இருந்தாலும் நம்ம நிலையம் கண்டுபிடிச்சது, அதை நான் சொல்லிக்குவேன். ஆனா பேர் மட்டும் குழந்தை பேரா இருக்கட்டும். தகடு வேற பொறிச்சாச்சு."

"அதை வைக்கிறதா வேண்டாமான்னு யோசிக்கிற இடத்துக்கே நான் இன்னும் வரல சார். நீங்க கையெழுத்து போட்டாத்தான் வருவேன்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாகத் தலையாட்டின பெண். குழந்தை என்றால் இளகாமல் எங்கே போவாள்? அந்தக் கணக்கு அவர் முகத்தில் அப்படியே ஓடியதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

கையெழுத்து விழுந்தது. நான்கே கால் மணிக்குத் திருத்தம் போனது. தகடுகளின் படம், நோட்டுப் பக்கம், கணக்கு எல்லாம் சேர்த்து.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு நிலையத்தின் கூட்ட அறையில் நாற்காலி பற்றவில்லை. மேடையில் பச்சைத் துணி போர்த்திய பித்தளைத் தகடு. தையல்காரர் தான் தைத்த புதுச் சட்டையில் வந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் காலர்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு ஃபைல் அண்ணன் ஒரு தாளோடு வந்து அவள் காதருகே குனிந்தார். "வந்தாச்சு. உங்க பேருக்கே வந்திருக்கு. நான் திறக்கல. ஆனா மேல் வரி தெரிஞ்சுது."

பிரித்துப் படித்தாள். நாலு இடமும் பாதையில் ஒட்டின. பார்த்தவர் பெயர் திருத்தப்பட்டது. முதலில் கண்டவர் அவள். பெயர் முன்மொழியும் உரிமை அவளுக்கு மட்டும் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் வேறு யாரும் இந்தக் கல்லுக்குப் பெயர் சொல்ல முடியாது.

இரண்டாம் தடவை படித்தாள். கோபம் இறங்கவில்லை. இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா." எதிரில் இயக்குநரின் மகள் நின்றாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "பாப்பா பேரு வைக்கப் போறீங்களாமே. அப்பா சொன்னார்."

கொஞ்ச தூரத்தில் இயக்குநர் பத்திரிகைக்காரர்களுக்கு நடுவே நின்று இங்கேயே கவனித்துக்கொண்டிருந்தார். மெல்ல நகர்ந்து வந்தார். அவர்களும் கூடவே வந்தார்கள்.

"உனக்கு இந்தக் கல்லோட கதை தெரியுமாம்மா?" என்று இயக்குநரின் மகளிடம் அவள் கேட்டாள். "உன்னோட முதல் பிறந்தநாள் அன்னிக்கு ராத்திரி எடுத்த படம்."

"அப்படியா?" மகள் சந்தோஷமாகச் சிரித்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா அன்னிக்கு அப்பா என்கூடத்தானே இருந்தார்? கேக் வெட்டுற போட்டோ இருக்கே. ராத்திரி என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி. அப்பா, அது அன்னிக்குத்தானே?"

பத்திரிகைக்காரர் ஒருவர் கையிலிருந்த மலரைப் பிரித்து, ஒன்பதாம் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

"அன்னிக்கேதாம்மா" என்றாள் அவள். "உன்மேலயும் குழந்தைமேலயும் எனக்கு ஒண்ணும் இல்ல. குழந்தைக்கு நல்ல பேரா வச்சிருக்கீங்க. அது அவனுக்கே இருக்கட்டும். இந்தக் கல்லுக்கு வேண்டாம்."

இயக்குநர் பல்லிடுக்கில் பேசினார். "யோசிக்கிறேன்னு சொன்னீங்க."

"யோசிச்சேன் சார். நேத்து ராத்திரியே யோசிச்சு முடிச்சுட்டேன்."

"அப்போ யார் பேரை வைக்கப் போறீங்க? வீட்டுக்காரர் பேரா?"

பின்னாலிருந்து தையல்காரர், "எனக்கு எதுக்குங்க? அது என் கடை பலகைலயே இருக்கு" என்றார்.

"யார் பேரும் வைக்கப் போறதில்ல" என்றாள் அவள். "பத்து வருஷம் என் உரிமை. பத்து வருஷமும் காலியாத்தான் இருக்கும்."

"என்ன பைத்தியக்காரத்தனம் இது? யாருக்கும் கிடைக்காத உரிமை. ஒரு பேரை வச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

"மையம் வெளியிடுற பட்டியலை நீங்க தினம் பார்ப்பீங்க சார். ஓய்வு பெற்றாலும் பார்ப்பீங்க, எனக்குத் தெரியும். எண் ஒரு கட்டம். பேர் ஒரு கட்டம். முதல்ல கண்டவர் ஒரு கட்டம். பேர் இருந்தா எல்லாரும் பேரைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. காலியா இருந்தா, 'யாருடா இது இன்னும் வைக்காம இருக்கிறது'ன்னு பக்கத்துக் கட்டத்தைப் பார்ப்பாங்க. பார்க்கட்டும். நீங்களும் பாருங்க."

குழந்தை கண் விழித்து ஒரு தடவை சிணுங்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனது. மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் விழா முடியும்வரை இருக்கவில்லை. தகட்டு அறைக்குப் போனாள். நாலு உறைகளையும் எடுத்துக் கருங்கல் மேஜையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் 'பார்த்தவர்' என்ற இடத்தில் என்றைக்கோ யாரோ எழுதியிருந்த இயக்குநரின் பெயர் இருந்தது. பேனாவும் அளவுகோலும் எடுத்தாள். சும்மா கிறுக்கி அடிக்கவில்லை. அளவுகோல் வைத்து நேராக, ஒரே கோடு. முனையிலிருந்து முனைக்கு.

அடுத்ததை இழுத்து வைத்துக்கொண்டாள்.

வாசலில் தையல்காரர் வந்து நின்றார். "மேடையில துணியை எடுக்கலையாம். கேக் மட்டும் கொடுத்தாங்க. உனக்கும் ஒரு துண்டு வாங்கிட்டு வந்தேன்."

"எனக்கு வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க."

"இன்னும் கோபமா?"

"மூணு உறை பாக்கி இருக்கு" என்றாள் மில்லிமீட்டர். அளவுகோலை நேராக வைத்தாள்.